கத்திரி வெயில்ல மாடித்தோட்டம் பாதி மஞ்சளாயிடுச்சு: வெயிலா, தண்ணியா, உரம் பத்தலையா?

மேடவாக்கம்மாடி:

வணக்கம் மக்களே. மேடவாக்கம் பக்கம் மூணாவது மாடில தோட்டம் வச்சிருக்கேன், பெருசா ஒண்ணும் இல்ல, ஒரு இருபது தொட்டி இருக்கும். மார்ச் வரைக்கும் எல்லாம் ஜோரா இருந்துச்சு, ஏப்ரல் கடைசில ஒவ்வொண்ணா நிறம் மாற ஆரம்பிச்சு இப்ப கத்திரி நடுவுல பாதி தோட்டம் மஞ்சளா நிக்குது. போட்டோ எடுத்தா அந்த வெயில்ல என் போன்ல எல்லாமே வெளுத்துப்போய் விழுது, அதனால எழுத்துலயே சொல்லிடறேன், பொறுத்துக்கோங்க.

கறிவேப்பிலை, பாதியா வெட்டுன பிளாஸ்டிக் டிரம்ல இருக்கு, ரெண்டு வருஷ செடி. புதுசா வர்ற கொழுந்து எல்லாம் வெளிர் மஞ்சள், கிட்டத்தட்ட வெள்ளைன்னே சொல்லலாம். கீழ இருக்கற பழைய இலை நல்ல கரும்பச்சையாதான் இருக்கு. எலுமிச்சைலயும் அதே கதை, கூடவே இலை ஓரம் தீஞ்ச மாதிரி காஞ்சிருக்கு. மிளகாய் செடில மேல் இலை ஓகே, கீழ் இலைல எல்லாம் பொடிப்பொடியா வெள்ளைப் புள்ளி, தூசி படிஞ்ச மாதிரி, அப்புறம் அப்படியே வெளுத்து உதிருது. ரோஜால இலை நுனி எல்லாம் பழுப்பு. செம்பருத்தி போன மாசம்தான் பால்கனிலேர்ந்து மாடிக்கு கொண்டு போனேன், அதுல இலை நடுவுல பெரிய பெரிய வெள்ளைத் திட்டு, தொட்டா பேப்பர் மாதிரி இருக்கு.

மண் கலவை: செம்மண், கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), மண்புழு உரம் சம அளவு. கறுப்பு குரோ பேக், சிலது சிமென்ட் தொட்டி. காலைல ஒரு தடவை சாயந்தரம் ஒரு தடவை தண்ணி ஊத்தறேன், மதியம் வாடிப்போய் தொங்குனா மனசு கேக்காம அப்பவும் ஊத்திடறேன். தண்ணி போர் தண்ணிதான், அதோட சமையல்ரூம் ஆர்ஓ மெஷின்லேர்ந்து வெளிய போற தண்ணிய வீணாக்க வேணாம்னு பக்கெட்ல புடிச்சு அதையும் ஊத்தறேன். கடலைப்புண்ணாக்கு ஊறவச்ச தண்ணி வாரம் ஒருதடவை. ரோஜாவுக்கு முட்டை ஓடு பவுடர்.

பக்கத்து நர்சரில கேட்டா சத்து பத்தலன்னு சொல்லி ஒரு பாட்டில் குடுத்தாங்க, அத ஊத்துனதுக்கு அப்புறம் ரோஜா இன்னும் மோசம். எந்தச் செடிக்கு என்ன கோளாறுன்னு யாராவது சொல்லுங்க ப்ளீஸ். வெயில்தான் காரணம்னா பந்தல் போட்டுடறேன், ஆனா அது மட்டும்தானான்னு சந்தேகமா இருக்கு.

---

பச்சமொளகா:

ப்ரோ எப்சம் சால்ட் போடுங்க, ஒரு லிட்டருக்கு ஒரு ஸ்பூன், எல்லாச் செடிக்கும் ஸ்ப்ரே. நான் எல்லாத்துக்கும் அதான் பண்றேன், ரெண்டு வாரத்துல பச்சையாயிடும். யூடியூப்ல தேடுனா நிறைய வீடியோ இருக்கு.

---

வேலூர்வெயில்:

தம்பி, தயவுசெஞ்சு இப்போதைக்கு ஒண்ணும் ஊத்தாதீங்க, எப்சமும் வேணாம், பாட்டிலும் வேணாம், புண்ணாக்கும் வேணாம். எங்க ஊரு வெயில பத்தி உங்களுக்கு சொல்லவேண்டியதில்ல, இங்க மாடில செடி வளத்து வளத்து நான் பாத்தவரைக்கும், கோடைல செடி செத்துப்போறது வெயிலால பாதின்னா மீதி பாதி நம்ம பதட்டத்துல ஊத்தற ஐட்டங்களால.

மொதல்ல பாக்கவேண்டியது நிறம் இல்ல, எந்த இலைன்றது. பழைய இலையா புது இலையா. செடிக்குள்ள தழைச்சத்து, மெக்னீசியம், பொட்டாசியம், மணிச்சத்து இதெல்லாம் நகரும், பத்தலன்னா செடி கீழ் இலைலேர்ந்து எடுத்து கொழுந்துக்கு அனுப்பிடும், அதனால கீழ் இலைதான் மொதல்ல மஞ்சளாகும். இரும்பு, கால்சியம் இதெல்லாம் ஒரு இலைல போய் உக்காந்துட்டா அங்கயேதான், நகராது, அதனால அது பத்தலன்னா கொழுந்துலதான் தெரியும். உங்க கறிவேப்பிலைல பழைய இலை கரும்பச்சை, கொழுந்து வெள்ளை. இதுக்கு எப்சம் போட்டு என்ன ஆகப்போவுது? எப்சம்ல இருக்கறது மெக்னீசியம், அது பத்தலன்னா கீழ் இலைல நரம்பு பச்சையா இருந்து நடுவுல மஞ்சளாகும். பச்சமொளகா தம்பி கோச்சுக்காதீங்க, உங்க தொட்டில மெக்னீசியம் குறைவா இருந்திருக்கலாம், அதனால கேட்டிருக்கும். இவருக்கு அது இல்ல. தேவையில்லாம போட்டா அதுவும் ஒரு உப்புதான், கால்சியம் ஏறவிடாம வேற மல்லுக்கட்டும்.

கறிவேப்பிலை கொழுந்த வெளிச்சத்துக்கு எதிர்ல புடிச்சு பாருங்க. நரம்பு மட்டும் மெல்லிசா பச்சைக்கோடா தெரிஞ்சு மத்ததெல்லாம் மஞ்சள்னா அது இரும்புச்சத்து. எலுமிச்சையும் கறிவேப்பிலையும் ஒரே குடும்பம், ரெண்டும் இந்த விஷயத்துல ரொம்ப நோஞ்சான். அதுக்காக மண்ணுல இரும்பு இல்லன்னு நினைக்காதீங்க, செம்மண்ணு செவப்பா இருக்கறதே இரும்பாலதான். இருக்கு, ஆனா வேரால எடுக்க முடியல. மண்ணோட பிஎச், அதாவது புளிப்பா காரமான்னு காட்டற எண், 7-ஐ தாண்டி 7.5, 8-ன்னு போச்சுன்னா இரும்பு கரையாத ரூபத்துக்கு மாறிடும். அத தாண்ட வைக்கறது யாருன்னா உங்க போர் தண்ணி. சுண்ணாம்புத் தண்ணில பைகார்பனேட்ன்ற கார உப்பு இருக்கும், தினம் ரெண்டு தடவை மூணு தடவைன்னு ஊத்துனா கோடை முடியறதுக்குள்ள தொட்டி மண்ணு காரமாயிடும். மழைக்காலத்துல மழை கழுவி விட்டுடும், அதனாலதான் மார்ச் வரைக்கும் ஜோரா இருந்துச்சு.

இப்ப முக்கியமான விஷயம். ஆர்ஓ கழிவுத் தண்ணிய செடிக்கு ஊத்தறத இன்னைக்கே நிறுத்துங்க. குடிக்கற தண்ணிலேர்ந்து எடுத்த உப்பு எல்லாம் அதுலதான் இருக்கு. போர் தண்ணியே உப்பு, அது அதோட சாறு. தரை துடைங்க, வண்டி கழுவுங்க, பாத்ரூமுக்கு ஊத்துங்க. செடிக்கு வேணவே வேணாம். எலுமிச்சை இலை ஓரம் தீயறது, ரோஜா நுனி பழுப்பு ரெண்டுமே எனக்கு உப்பு மாதிரிதான் தெரியுது. சிமென்ட் தொட்டி வெளிப்பக்கம், மண்ணு மேல, வெள்ளையா பூத்துப்போய் இருக்கா பாருங்க.

செம்பருத்தி மட்டும்தான் நிஜமாவே வெயில். நிழல்ல வளந்த இலைய நேரா மாடில வச்சா வெந்துபோகும். அந்தத் திட்டு திரும்ப பச்சையாகாது, இலைய பிய்க்கவும் வேணாம், புது இலை வந்து அதுவா உதிரும். மிளகாய் பத்தி வேற யாராவது சொல்லுங்க, எனக்கு பூச்சி மாதிரி தோணுது.

---

கொங்குதோட்டம்:

வேலூர் ஐயா சொன்னது சரிதானுங்க. மிளகாய்க்கு நான் சொல்றேனுங்க.

கீழ் இலையில பொடிப்புள்ளி, தூசி மாதிரின்னா அது செஞ்சிலந்திங்க, சிலந்திப்பேன்னும் சொல்லுவாங்க. வெயில் ஏற ஏற, காத்துல ஈரம் குறைய குறைய அதுக்கு கொண்டாட்டம், ஒரு வாரத்துல ஒரு தலைமுறையே வந்துரும். இலைக்கு அடியில இருந்து சாறு உறிஞ்சும், அதனால மேல பாத்தா ஒண்ணும் தெரியாது. ஒரு வெள்ளை பேப்பர அடியில புடிச்சுக்கிட்டு இலைய ரெண்டு தட்டு தட்டுங்க. ஊசிமுனை அளவு புள்ளிங்க விழுந்து நகர்ந்துச்சுன்னா அதேதான். விரல்ல தேச்சா செவப்பா கறை ஆகும். முத்திப்போச்சுன்னா இலைக்காம்புக்கு நடுவால மெல்லிசா நூலாம்படை கட்டியிருக்கும்.

மருந்து வாங்கறதுக்கு முன்னாடி தண்ணி பைப்ப வச்சு இலை அடிப்பக்கமா நல்லா வேகமா பீச்சி அடிங்க, நாள் விட்டு நாள், காலை நேரத்துல. பாதிக்கு மேல அதுலயே போயிரும். அப்புறம் வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கரையறதுக்கு கொஞ்சம் காதி சோப்பு கரைசல், சாயந்தரம் வெயில் தாழ்ந்ததுக்கு அப்புறம்தான் அடிக்கோணும். மதியத்துல அடிச்சா எண்ணெய் இலைய பொசுக்கிரும். நனையும் கந்தகம் அடிக்கலாம்னு யாராவது சொல்லுவாங்க, நல்ல மருந்துதான், ஆனா இந்த வெயில்ல வேணாமுங்க, 35 டிகிரிக்கு மேல இலை கருகும். இமிடாகுளோபிரிட்ன்ற பூச்சிமருந்து வேணவே வேணாம், அது செஞ்சிலந்திய ஒண்ணும் பண்ணாது, அத திங்கற நல்ல பூச்சிய கொன்னுட்டு இன்னும் பெருக விட்டுரும்.

இன்னொண்ணு பாத்துக்கோங்க, மிளகாய் இலை மேல்பக்கமா படகு மாதிரி மடங்குனா இலைப்பேன், கீழ்பக்கமா கவிழ்ந்து மடங்குனா மஞ்சள் சிலந்தி. இது ரெண்டும் கொழுந்துல வரும். நீங்க சொல்றது அது இல்லீங்க.

---

சும்மாவாசகி:

நான் செடி வளக்கறதுல கத்துக்குட்டி, ஆனா கறிவேப்பிலைக்கு எங்க அத்தை புளிச்ச மோர் ஊத்துவாங்க, அது நல்லாதான் வருது. எலுமிச்சைக்கு துருப்பிடிச்ச ஆணிய மண்ணுல சொருகி வைப்பாங்க, இரும்புச்சத்துக்குன்னு. இது ரெண்டும் சரியா தப்பா? சார் சொல்ற பிஎச் கணக்குப்படி பாத்தா மோர் புளிப்புதானே, அப்ப கறெக்டா இருக்குமே?

---

வேலூர்வெயில்:

வாசகிம்மா, மோர்ல விஷயம் இருக்கு. புளிச்ச மோர் புளிப்பு, அந்த புளிப்பு வேர் பக்கத்துல கொஞ்ச நேரத்துக்கு பிஎச்ச இறக்கும், இரும்பு கொஞ்சம் கரையும். ஆனா ஒரு டம்ளர் மோர் ஊத்திட்டு அதுக்கப்புறம் பத்து நாள் தினம் ரெண்டு குடம் சுண்ணாம்புத் தண்ணி ஊத்துனா யார் ஜெயிப்பா? தண்ணி நல்லா இருக்கற வீட்டுல மோர் ஜெயிக்கும். அத்தை வீட்டு தண்ணி நல்ல தண்ணியா இருக்கும். தண்ணி ஒண்ணுக்கு பத்தா கலந்து ஊத்துங்க, உப்பு போட்ட மோர ஊத்திடாதீங்க, தாளிச்ச நீர்மோர ஊத்தி செடிய கெடுத்தவங்கள எனக்குத் தெரியும்.

ஆணி வேஸ்ட்டும்மா. துரு ஏற்கனவே கரையாத இரும்புதான், செம்மண்ணுல இருக்கறதும் அதேதான். இருக்கற இரும்பையே எடுக்க முடியாத செடிக்கு இன்னும் ரெண்டு ஆணி. டெட்டனஸ் ஊசிதான் மிச்சம்.

---

மேடவாக்கம்மாடி:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். நீங்க சொன்னதெல்லாம் பாத்தேன். பேப்பர்ல தட்டுனதுல குட்டிக்குட்டியா நகருது, மூணு மிளகாயிலயும் இருக்கு, கத்தரிக்காய் செடிலயும் ஆரம்பிச்சிருக்கு. காலைல பைப் அடிக்க ஆரம்பிச்சாச்சு.

கறிவேப்பிலை கொழுந்துல நரம்பு பச்சைக்கோடு நல்லாவே தெரியுது. ஆபீஸ்ல ஒருத்தர் மீன்தொட்டி வச்சிருக்கார், அவர்கிட்ட டிடிஎஸ் பேனாவும் (தண்ணில கரைஞ்சிருக்கற உப்ப அளக்கறது) பிஎச் சொட்டு மருந்தும் வாங்கிட்டு வந்தேன். டிடிஎஸ் போர் தண்ணி 1400, ஆர்ஓ கழிவு 2050. குடிக்கற தண்ணி 90. பிஎச் போர் தண்ணில 8 கலர் காட்டுது. சிமென்ட் தொட்டி வெளிய வெள்ளையா பூத்திருக்கு, நான் அத பெயின்ட் உரியுதுன்னு நினைச்சிட்டு இருந்தேன்.

இப்ப கேள்வி: 1) தண்ணிக்கு என்ன பண்றது, மெட்ரோ வாட்டர் எங்க ஏரியாவுக்கு இன்னும் வரல, கேன் தண்ணி வாங்கி செடிக்கு ஊத்த வசதி இல்ல. 2) இரும்பு எப்படி குடுக்கறது. 3) மதியம் வாடுறப்ப தண்ணி ஊத்தலாமா. 4) பந்தல் வலை எத்தனை சதவீதம் வெயில மறைக்கணும்.

---

வேலூர்வெயில்:

அளந்து பாத்ததுக்கே உங்களுக்கு ஒரு சபாஷ். குடிநீருக்கான இந்தியத் தர அளவே டிடிஎஸ் 500, வேற வழி இல்லன்னா 2000 வரைக்கும்னு போட்டிருக்காங்க. அது மனுஷனுக்கு. தொட்டிச் செடிக்கு 2050 ஊத்துனா, தண்ணி ஆவியாகி உப்பு தங்கி தங்கி மண்ணுக்குள்ள அதவிட பல மடங்கு ஏறியிருக்கும். அதுக்கு மேல நர்சரி பாட்டிலு வேற, உரமும் உப்புதானே, ரோஜா மோசமானதுல ஆச்சரியமே இல்ல.

தண்ணி எங்க கிடைக்கும்னா, உங்க வீட்டு சுவத்துலயே சொட்டிட்டு இருக்கு. ஏசி தண்ணி! ராத்திரி பூரா ஓடுற ஏசிலேர்ந்து சென்னை புழுக்கத்துக்கு ஒரு பக்கெட் நிச்சயம் ரொம்பும். காத்துல இருக்கற ஈரம்தான் அது, உப்பே கிடையாது, அந்த பேனாவ வச்சுப் பாருங்க. பைப்ப ஒரு டிரம்ல விடுங்க, மேல கொசுவலை கட்டிடுங்க, டெங்கு வந்துடப்போவுது. இருக்கற ஏசி தண்ணிய கறிவேப்பிலை எலுமிச்சை ரோஜாவுக்கு மட்டும் வச்சுக்கோங்க, மத்ததுக்கு போர் தண்ணில பாதி கலந்துக்கலாம். அரிசி களைஞ்ச தண்ணி கூட போர் தண்ணில களைஞ்சதுன்னா அதே உப்புதான், அத மறந்துடாதீங்க.

முதல் வேலை கழுவி விடறது. தொட்டி எவ்ளோ லிட்டரோ அத மாதிரி ரெண்டு மடங்கு தண்ணி, மெதுவா, நிறுத்தி நிறுத்தி ஊத்தி கீழ ஓட்டை வழியா ஓட விடுங்க. ஓட்டை அடைச்சிருந்தா மொதல்ல குத்தி விடுங்க. கழுவறதுக்கு ஏசி தண்ணி பத்தாது, பரவால்ல, மொதல்ல போர் தண்ணியாலயே கழுவி கடைசி ரவுண்டு மட்டும் ஏசி தண்ணி. 1400 நல்ல தண்ணி இல்லதான், ஆனா உள்ள சேந்திருக்கற உப்புக்கு அது எவ்வளவோ தேவலை. கடைசியா கீழ வர்ற தண்ணிய பேனால அளந்து பாருங்க, மொதல்ல வந்ததவிட நல்லா இறங்கியிருக்கணும். இனிமே ஊத்தறப்பவும் கொஞ்சூண்டு கீழ வர்ற அளவுக்கு ஊத்துங்க, நுனிப்புல் மேயற மாதிரி மேல மட்டும் நனைச்சா உப்பு தங்கிடும்.

போர் தண்ணிய ஊத்தியே ஆகணும்னா 10 லிட்டர் பக்கெட்டுக்கு அரை டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட், மளிகைக்கடைல எலுமிச்சை உப்புன்னு கேளுங்க, அது பைகார்பனேட்ட ஓரளவு அடிச்சிடும். சொட்டு மருந்து வச்சு பாத்து 6.5 பக்கம் வந்தா போதும். இது டிடிஎஸ்ஸ குறைக்காது, பிஎச்ச மட்டும்தான் சரி பண்ணும், ரெண்டும் வேற வேற பிரச்சனை.

முட்டை ஓட நிறுத்துங்க. அது சுண்ணாம்பு. ஏற்கனவே 8-ல நிக்கற மண்ணுக்கு அது எதுக்கு.

மதியம் வாடுறது பத்தி: சாயந்தரம் வெயில் எறங்குனதும் தானா நிமிர்ந்தா அது நோயே இல்ல, வேர் அனுப்பற வேகத்தவிட இலை வேகமா தண்ணிய விடுது, அவ்ளோதான். காலைல ஆறு மணிக்கும் தொங்கிட்டே இருந்தாதான் கவலைப்படணும், அப்பவும் மண்ணுல விரல விட்டு பாத்துட்டு ஊத்துங்க. ஈரமா இருந்தும் வாடுதுன்னா வேர் அழுகுது, தண்ணி ஊத்துனா இன்னும் சாகும். அப்புறம் மதியம் மாடி டேங்க் தண்ணி, வெயில்ல கிடக்கற பைப்ல இருக்கற தண்ணி எல்லாம் தொட்டுப் பாத்தீங்களா? கை வைக்க முடியாது. அத வேருக்கு ஊத்தறீங்க.

---

கொங்குதோட்டம்:

இரும்புக்கு நான் சொல்றேனுங்க, இதுல ஏமாறாம இருக்கோணும்.

மொதல்ல உறுதி பண்ணிக்கறதுக்கு ஒரு வழி இருக்குங்க. அன்னபேதி உப்பு, ஃபெரஸ் சல்பேட், வெளிர் பச்சைக் கல்லாட்டம் இருக்கும், பழுப்பாகிப்போனத வாங்காதீங்க. லிட்டருக்கு 5 கிராம், கூட 1 கிராம் சிட்ரிக் ஆசிட். அத செடி பூரா அடிக்க வேணாம். ஒரு பிரஷ்ல தொட்டு ஒரே ஒரு மஞ்சள் கொழுந்துல பாதி இலைக்கு மட்டும் தடவி விடுங்க, காம்புல நூல் கட்டி அடையாளம் வச்சுக்கோங்க. ஒரு வாரம் பத்து நாள்ல தடவுன பாதி பச்சை கட்டுச்சுன்னா இரும்புதான், சந்தேகமே இல்ல. ஒண்ணுமே ஆகலைன்னா வேற சத்து, மாங்கனீசோ துத்தநாகமோ. எலுமிச்சைக்கு துத்தநாகமும் சேந்து குறையறது சகஜமுங்க, அப்படி இருந்தா கொழுந்து இலை சின்னதா, ஒல்லியா, நெருக்கமா கொத்து மாதிரி வரும்.

பச்சை கட்டுனதுக்கு அப்புறம் செடி பூரா சாயந்தரமா அடிக்கலாம், பத்து நாளைக்கு ஒருக்கா. மாடி டைல்ஸ் மேல சொட்ட விட்டுராதீங்க, துருக்கறை போகவே போகாது, வீட்டுக்காரம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கோணும்.

இலையில அடிக்கறது தற்காலிகம்தானுங்க, அடுத்த கொழுந்து திரும்ப மஞ்சளாத்தான் வரும். மண்ணுல குடுக்கறதுன்னா கடையில இரும்பு சிலேட்னு குடுப்பாங்க, இரும்பு கரையாம போயிராம புடிச்சு வச்சிருக்கற ஒரு பொருளோட சேத்த இரும்புங்க அது. பாக்கெட் பின்னாடி பாருங்க. இடிடிஏன்னு போட்டிருந்தா அதுல இரும்பு 12 சதவீதம்னு இருக்கும், வெலையும் கம்மி, ஆனா பிஎச் 6.5-க்கு மேல போனா அது இரும்ப விட்டுரும், உங்க மண்ணுல ஊத்துனா காசு தண்டம். இடிடிஎச்ஏன்னு ஒண்ணு இருக்கு, இரும்பு 6 சதவீதம்தான், பாதி அளவு, வெலையும் ஜாஸ்தி, ஆனா பிஎச் 8, 9-லயும் தாங்கும். தண்ணியில கலந்தா நல்ல செவப்பா திராட்சை ரசமாட்டம் இருக்கும். அதுதான் உங்களுக்கு. டிரம்முக்கு அரை டீஸ்பூன் தண்ணியில கரைச்சு சாயந்தரம் ஊத்துங்க, வெளிச்சம் பட்டா கெட்டுப்போகும், பாக்கெட்ட இருட்டுல வைங்க. கடைக்காரர் 12 பெருசா 6 பெருசான்னு கேப்பார், பேச்சுல மயங்கிராதீங்க.

பெங்களூரு ஐஐஎச்ஆர்ல (தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம்) காய்கறிக்குன்னு, எலுமிச்சை வகைக்குன்னு நுண்ணூட்டக் கலவை ஸ்பெஷல்னு போட்டு விக்கறாங்க, அதுவும் நல்லதுங்க. அதக் கரைக்கறப்போ எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, ஷாம்பு பாக்கெட் ஒண்ணு போட்டு கரைக்கச் சொல்லுவாங்க, பாத்து சிரிக்காதீங்க, புளிப்புக்கு எலுமிச்சை, இலையில ஒட்டறதுக்கு ஷாம்பு. தொட்டிக்கு பாக்கெட்ல போட்டதுல பாதி அளவு போதும்.

புண்ணாக்குத் தண்ணி மழை வர்ற வரைக்கும் வேணாமுங்க. சூட்டுல வேர் ஏற்கனவே திணறிக்கிட்டு இருக்கும்.

---

பச்சமொளகா:

வேலூர் சார், கோச்சுக்கல, என் தொட்டிய போய் பாத்தேன், எனக்கு கீழ் இலைதான் மஞ்சளாச்சு, சோ நீங்க சொன்னது கரெக்ட்தான். ஆனா ஒரு விஷயம் யாருமே பேசல, அந்த கறுப்பு குரோ பேக். நான் சமையல்ல யூஸ் பண்ற தெர்மாமீட்டர ஒரு நாள் மதியம் மூணு மணிக்கு மேற்குப் பக்கம் ஓரமா சொருகி பாத்தேன், 46 டிகிரி காட்டுச்சு. வேர் எப்படி வேலை செய்யும்? தண்ணி இருந்தும் எடுக்காது, சத்து இருந்தும் எடுக்காது, மேல பாத்தா சத்துக்குறை மாதிரியே இருக்கும். நான் பழைய வெள்ளை அரிசிச் சாக்க சுத்தி கட்டி விட்டேன், செங்கல் மேல தூக்கி வச்சேன், எல்லாத்தையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நெருக்கி வச்சேன், வெளி வரிசைல மட்டும் காலி தொட்டி. அதுவே பாதி பந்தல்.

பந்தலுக்கு 50 சதவீதம் பச்சை வலை போதும், 75 போட்டா காய் பிடிக்காது. செடிக்கு மேல தாழ்வா கட்டாதீங்க, காத்து அடைஞ்சு இன்னும் வெந்துபோகும், ஆள் நின்னு நடக்கற உயரத்துல கட்டுங்க. மேற்குப் பக்கமும் ஒரு திரை மாதிரி தொங்கவிடுங்க, சாயந்தர வெயில்தான் வில்லன்.

---

வேலூர்வெயில்:

இது நல்ல பாயின்ட், நான் விட்டுட்டேன். மண்ணு மேல மூடாக்கும் போடுங்க தம்பி, காஞ்ச இலை, தேங்காய் மட்டை, எது கிடைச்சாலும் ரெண்டு விரக்கடை கனத்துக்கு. தண்டுல ஒட்டாம. ஆனா மூடாக்கு போட்டா மேல காஞ்சிருக்கா இல்லையான்னு கண்ணுக்குத் தெரியாது, தூக்கிட்டு விரல விட்டுப் பாக்கணும், இல்லன்னா ஈரம்னு தெரியாம ஊத்திக்கிட்டே இருப்பீங்க.

ஆனா ஒண்ணுல எனக்கு உடன்பாடு இல்ல, நெருக்கி வைக்கறது. செஞ்சிலந்தி இருக்கற மிளகாய அந்த நெருக்கத்துல வைக்காதீங்க, இலையோட இலை தொட்டா ஒரு ராத்திரில பக்கத்துச் செடிக்கு நடந்தே போயிடும். அது அடங்கற வரைக்கும் தனியா.

---

சும்மாவாசகி:

கேக்க மறந்துட்டேன், மதியம் இலை மேல தண்ணி பட்டா சொட்டு சொட்டா லென்ஸ் மாதிரி எரிச்சிடும்னு சொல்றாங்களே, நிஜமா? நான் அதுக்கு பயந்தே ராத்திரி ஒன்பது மணிக்கு தண்ணி விடறேன்.

---

கொங்குதோட்டம்:

அது பெருசா நிஜமில்லீங்க அம்மிணி, வழுவழுப்பான இலையில சொட்டு ஒட்டி இருக்கறதால அந்த அளவுக்கு சூடு குவியாது, எரியறதுக்கு முன்னாடி ஆவியாயிரும். அப்படிப் பாத்தா மழை பேஞ்சு வெயிலடிச்சா காடே எரியோணுமே. ஆனா உப்புத்தண்ணி இலையில பட்டு காஞ்சா உப்பு படிஞ்சு ஓரம் கருகும், அத பாத்துட்டு லென்ஸ்னு சொல்லியிருப்பாங்களாட்ட இருக்கு. ராத்திரி விடறது தப்பில்லீங்க, இலைய நனைக்காம வேருக்கு மட்டும் விடுங்க, ராவெல்லாம் இலை ஈரமா இருந்தா பூஞ்சை வரும். காலையில விடியறதுக்குள்ள விடறதுதான் எல்லாத்துலயும் உத்தமம்.

---

மேடவாக்கம்மாடி:

அப்டேட். தொட்டி எல்லாம் கழுவி விட்டாச்சு, எலுமிச்சைல மொதல்ல வந்த தண்ணி டீ டிகாக்ஷன் கலர், பேனா 4000-த்துக்கு மேல காட்டுச்சு, கடைசில 1700 வந்துச்சு. ஏசி தண்ணி அளந்தேன், 20! ராத்திரி ஒரு பக்கெட் ரொம்பி வழியுது, இத்தனை வருஷமா பக்கத்து வீட்டு சன்ஷேடுக்கு போயிட்டு இருந்துச்சு, அவங்க சண்டைக்கு வந்ததும் இப்பதான் ஞாபகம் வருது.

அன்னபேதி தடவுன இலைல பிரஷ் பட்ட எடம் எல்லாம் பச்சை கட்டியிருக்கு, படாத பாதி அப்படியே மஞ்சள். வீட்ல எல்லாருக்கும் கூப்பிட்டு காட்டுனேன், ஒருத்தரும் பெருசா கண்டுக்கல. மிளகாய் ரெண்டு தேறிடுச்சு, ஒண்ணு ரொம்ப முத்திப்போய் பிடுங்கி கவர்ல கட்டி குப்பைல போட்டுட்டேன். ரோஜா இன்னும் ஒண்ணும் சொல்லிக்கற மாதிரி இல்ல, புது துளிர் ஒண்ணு கண்ணு விட்டிருக்கு, நுனி கருகாம வருதான்னு பாக்கணும். கருகுன பழைய இலைய எல்லாம் வெட்டி விடலாமா?

இடிடிஎச்ஏ இங்க ரெண்டு கடைல கேட்டேன், ரெண்டு பேருமே 12 சதவீத பாக்கெட்டதான் எடுத்துக் குடுத்தாங்க, ஆன்லைன்ல பாத்தா ஒரு கிலோ பாக்கெட்தான் இருக்கு, எனக்கு அவ்ளோ எதுக்கு.

---

வேலூர்வெயில்:

ரோஜாவ இப்ப கவாத்து பண்ணாதீங்க, கத்திரி முடியட்டும். பாதி கருகுன இலையும் மீதி பாதில வேலை செஞ்சுட்டுதான் இருக்கு, தண்டுக்கு நிழலும் குடுக்குது. முழுசா காஞ்சத மட்டும் எடுத்துடுங்க. ஒரு மாசம் எந்த உரமும் கிடையாது அதுக்கு, ஏசி தண்ணி மட்டும்.

---

பச்சமொளகா:

ப்ரோ நான் பள்ளிக்கரணைதான், ஒரு கிலோ வாங்குனா கால் கிலோ நான் எடுத்துக்கறேன், எங்க அபார்ட்மென்ட் மாடில இன்னும் மூணு பேர் கறிவேப்பிலை இதே மாதிரி வெள்ளையா வச்சிருக்காங்க, அவங்களும் சேருவாங்க. ஆர்டர் போட்டா தனி மெசேஜ்ல சொல்லுங்க.